பாடத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் அடுத்த மாதம் எங்கே போய்விடுகிறது?

சுண்ணக்கட்டி

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இங்கே இருக்கும் மற்ற ஆசிரியர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

ஒரு பாடம் முடிந்ததும் அதற்குத் தேர்வு வைக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். பதிவேட்டில் எண்கள் அழகாக ஏறிவிடுகின்றன. அப்புறம் இரண்டு பாடம் தள்ளி, வேறு எதையோ நடத்திக்கொண்டிருக்கும்போது போகிற போக்கில் பழையதில் ஒன்றைக் கேட்டால் வகுப்பே முழிக்கிறது. பின்னக் கூட்டலில் முழு மதிப்பெண் வாங்கிய பையன், விகிதம் நடக்கும்போது 2/3 உடன் 1/4ஐக் கூட்டச் சொன்னால் 3/7 என்று எழுதுகிறான். மேலே உள்ளதை மேலே கூட்டு, கீழே உள்ளதைக் கீழே கூட்டு, முடிந்தது கதை.

இன்னொன்று. ஒரு செவ்வகம், நீளம் 12 செ.மீ., அகலம் 5 செ.மீ., மூலைவிட்டம் என்ன என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். 60 என்றாள். பெருக்கிவிட்டாள். இவள் பிதாகரஸ் தேற்றம் நடந்த வாரத்தில் இதே மாதிரிக் கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போட்டவள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் 'பிதாகரஸ் தேற்றம்' என்று இரட்டைக் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். எந்த வழியில் போட வேண்டும் என்பதை அந்தத் தலைப்பே அவளுக்குச் சொல்லிவிட்டது. இரண்டு எண்களை வர்க்கப்படுத்து, கூட்டு, மூலம் எடு. கேள்வியைப் படிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை.

பயிற்சிக் கணக்குகளைக் கலந்து கொடுத்தால் இது மாறும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பாடப் புத்தகமோ ஒரு பாடம், ஒரு பயிற்சி, அடுத்த பாடம் என்றுதான் போகிறது. யாராவது கலந்து கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நிஜ வகுப்பில், பாடத்திட்டம் விரட்டிக்கொண்டிருக்கும்போது, இது நடக்கிற காரியமா?

பின்வரிசை

சார், நாங்கள் எல்லாம் தேர்வுக்கு முந்தின ராத்திரி படித்து, எழுதிவிட்டு வெளியே வரும்போதே மறந்த தலைமுறை. அதை ஆய்வு செய்ய ஆள் வைத்திருக்கிறார்கள் என்பதே இப்போதுதான் தெரியும். தொடருங்கள், ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

மணற்கடிகாரம்

ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பின்வரிசை விளையாட்டாகச் சொன்னதைத்தான் 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் அளந்து காட்டினார்கள். மாணவர்களிடம் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்ப நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுதான் முன்னால்: 83 விழுக்காடு, எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அப்படியே தலைகீழ். படித்த குழு 40க்கு இறங்கியது, எழுதிய குழு 61இல் நின்றது.

நாம் பாடம் முடிந்த கையோடு வைக்கிற தேர்வு அந்த ஐந்து நிமிடத் தேர்வுக்கு நெருங்கியது. அதில் தெரிவது அன்றைய திறமை. அது எவ்வளவு நாள் தங்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. உளவியலாளர் ராபர்ட் பியார்க் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். கற்கும்போது கொஞ்சம் சிரமம் கொடுப்பது பின்னால் நன்மை செய்யும் என்பதும் அவர் வாதம்தான். இடைவெளி விட்டுப் படிப்பது, கலந்து படிப்பது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வது என்று அவர் சொல்கிற எல்லாமே செய்யும்போது மந்தமாகத்தான் தெரியும்.

2013இல் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிக்கும் முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சான்று இருக்கிறது என்று அலசினார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. திரும்பப் படிப்பது, வரிகளுக்கு மேல் வண்ணம் தீட்டுவது, சுருக்கி எழுதுவது மூன்றும் அடியில். பிள்ளைகள் விரும்பிச் செய்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பெல்

எல்லாம் சரி. நான் இருபது வருடத்துக்கு மேல் வகுப்பில் நிற்பவன், அதனால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

முதலாவது, மேலே சொன்ன 2006 ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்து, அமைதியான அறையில் நடந்தது. என் வகுப்பில் நாற்பது பேர், வெளியே விளையாட்டு வகுப்பு. இரண்டாவது, 'மதிப்பெண் இல்லாத சின்னத் தேர்வு' என்று எதை ஆரம்பித்தாலும் இரண்டே மாதத்தில் அதற்கு ஒரு படிவம் வந்துவிடுகிறது. படிவம் வந்தால் எண் வரும், எண் வந்தால் ஒப்பீடு வரும். எந்தப் பிரிவு பின்தங்கியது, ஏன், விளக்கம் கொடு. அப்புறம் ஆசிரியர் என்ன செய்வார்? கேள்வியை முந்தின நாளே கரும்பலகையில் எழுதிப்போடுவார். ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால் அந்த எண் கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970களிலேயே எழுதிவிட்டார், பள்ளித் தேர்வுகளையே உதாரணம் காட்டி.

எனக்கு ஆய்வின் மேல் கோபம் இல்லை. அது பயிற்சி வகுப்பின் வழியாக என்னிடம் வந்து சேரும்போது என்ன உருவத்தில் வருகிறது என்பதுதான் பிரச்சினை. ஒரு காலத்தில் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். வினாத்தாள் கொடுத்துப் பிரித்தோம், பெயருக்கு எதிரே குறித்தோம், பாடத்தை மூன்று விதமாகத் தயாரித்தோம். அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதுமான சான்றே இல்லை என்று பாஷ்லரும் மற்றவர்களும் 2008இல் எழுதினார்கள். எழுதியவர்களில் பியார்க்கும் ஒருவர். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது அதற்கும் பிறகு! அடுத்து, திறமை பிறவியிலேயே முடிவானது இல்லை, முயன்றால் வளரும் என்று பிள்ளையை நம்பவைக்கும் 'வளர்ச்சி மனப்பான்மை' வந்தது. சுவர் முழுக்க வாசகங்கள். 2019இல் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்துப் பெரிய அளவில் சோதித்தபோது, குறைவாக மதிப்பெண் வாங்கிவந்த பிள்ளைகளுக்குத் தரப் புள்ளிச் சராசரியில் 0.1 புள்ளி ஏறியது. ஒரு மணி நேரம் கூட ஆகாத இணையப் பயிற்சிக்கு அது மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களிடம் விற்கப்பட்டது 0.1 அல்ல.

இப்போது 'நினைவுகூர்தல்' வந்திருக்கிறது. இதுவும் சுவரில் ஏறும் வரை காத்திருக்கிறேன்.

சுண்ணக்கட்டி

இரண்டாம் பெல் சார், சுவர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம். ஆனால் கலந்து பயிற்சி கொடுப்பது அறைக்குள் மட்டும் நடந்த சோதனை இல்லை. டக் ரோரரும் அவர் குழுவும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 54 ஏழாம் வகுப்புக் கணக்கு வகுப்புகளில் நடந்தது. அவரவர் ஆசிரியரே நடத்தினார், பயிற்சித் தாளை மட்டும் ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். ஒரு பாதி வகுப்புகளுக்கு ஒரு தாளில் ஒரே வகைக் கணக்குகள், மறுபாதிக்குப் பல வகை கலந்த தாள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மீள்பார்வைத் தாள். ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு தேர்வு. கலந்து செய்தவர்கள் 61 விழுக்காடு, ஒரே வகையாகச் செய்தவர்கள் 38.

எனக்கு இதில் பிடித்தது, புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை என்பது. அதே கணக்குகள்தான், அடுக்கும் வரிசையை மாற்றினால் போதும். என் தாளில் இப்போது இப்படி வருகிறது:

1. செவ்வகம், நீளம் 12 செ.மீ., அகலம் 5 செ.மீ. மூலைவிட்டம்?
2. 3/4 இலிருந்து 1/6ஐக் கழி.
3. அதே செவ்வகத்தைச் சுற்றிக் கயிறு கட்ட எவ்வளவு நீளம் வேண்டும்?
4. 40இல் 15 விழுக்காடு?
5. அதே செவ்வகத்தின் பரப்பளவு?

ஒன்று, மூன்று, ஐந்து மூன்றுக்கும் எண்கள் ஒன்றேதான். எதைப் பெருக்குவது, எதைக் கூட்டுவது, எதை வர்க்கப்படுத்துவது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். முதல் தடவை கொடுத்தபோது வகுப்பு என்னை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. 'சார், இது எந்தப் பாடம்?' என்று ஒரு பையன் கேட்டான். அதைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. நேரமும் அதிகம் பிடிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுப்பாடக் கைதி

நான் ஆசிரியை இல்லை, அம்மா. நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும்.

என் மகளுடைய பள்ளியிலும் இந்தக் கலப்புத் தாள் ஆரம்பித்திருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது வாங்கிக்கொண்டிருந்தவள் இப்போது ஐந்து, ஆறு வாங்குகிறாள். எனக்குப் புரியவில்லை என்று அழுகிறாள். நீங்கள் எல்லாம் 'சிரமம் நல்லது' என்று பேசுகிறீர்கள். வீட்டில் அந்தச் சிரமத்துடன் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருவது நாங்கள். இது முன்னேற்றமா பின்னடைவா என்று எங்களுக்கு யார் சொல்வது?

மணற்கடிகாரம்

நியாயமான கேள்வி, மேடம். எனக்கு முதலில் தோன்றுவது, அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கவே கூடாது.

1988இல் ரூத் பட்லர் என்பவர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு விடைத்தாளில் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும். அடுத்த வேலையில் முன்னேறியது குறிப்பு மட்டும் வாங்கிய பிரிவு. இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். அதாவது ஆசிரியர் மெனக்கெட்டு எழுதிய குறிப்பு, பக்கத்தில் எண் வந்ததும் வீண். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பைக் கவனித்திருப்பீர்கள். முதலில் மூலையில் உள்ள சிவப்பு எண். அடுத்து பக்கத்து மேசையின் எண். குறிப்பைப் படிக்க யாருக்கு நேரம்?

பின்னூட்டம் என்றாலே நல்லது என்பதும் இல்லை. குளூகரும் டெனிசியும் 1996இல் 600க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் தொகுத்தபோது, சராசரியில் பின்னூட்டம் உதவியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது செயல்பாட்டைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவள்' என்ற பக்கம் திரும்பும்போது கெடுக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

மகள் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் ஒரு சோதனை. நல்ல சொற்பொழிவு கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட மாணவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் கூடுதலாக எடுத்தது இரண்டாவது குழு. பல்கலைக்கழக மாணவர்களுக்கே தங்கள் கற்றலைச் சரியாக எடைபோட முடியவில்லை.

செய்யக்கூடியது ஒன்று: ஐந்து மதிப்பெண் வந்த தாளை எடுத்து, தவறான கணக்குகளில் எது 'வழி தெரியவில்லை', எது 'எந்த வழி என்று தெரியவில்லை' என்று அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் கவலை வேண்டாம். முதல் வகை அதிகமாக இருந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள். கலப்புக்கு முன்னால் பாடமே நிற்கவில்லை என்று அர்த்தம்.

அகரம் டீச்சர்

நானும் வந்துவிட்டேன். இரண்டாம் வகுப்பு.

நீங்கள் எல்லோரும் மறதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். மறக்க வேண்டுமானால் முதலில் உள்ளே போயிருக்க வேண்டுமே. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கியும் மற்ற அமைப்புகளும் 2022இல் கணித்தன. பெருந்தொற்றுக்கு முன்பே பாதிக்கு மேல். அந்தப் பிள்ளைகளும் மேலே ஏறி ஏறி உங்கள் எட்டாம் வகுப்புக்கு வருகிறார்கள். மூலைவிட்டத்தைக் கேட்டால் 60 என்கிறார்கள். அந்தப் பெண் கேள்வியைப் படித்தாளா என்று பார்த்தீர்களா? வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நடுவில் இருக்கும் சொற்கள் வெறும் கோடுகள்.

வாசிப்பு என்றால் எழுத்துகளைக் கூட்டுவது ஒரு பாதி, கேட்டால் புரிகிற மொழி இன்னொரு பாதி. காஃபும் டன்மரும் 1986இல் இதைப் பெருக்கலாகவே எழுதினார்கள். ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம். எழுத்துக்கு ஒலி எது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காமல், படத்தைப் பார், ஊகி என்று விட்ட பள்ளிகள் எத்தனை! பிள்ளை ஊகித்துப் படிக்கும்போது வகுப்பில் நன்றாகப் படிப்பதுபோலவே இருக்கும். படம் இல்லாத புத்தகம் வந்ததும் குட்டு வெளிப்படும். சுண்ணக்கட்டி சொல்கிற பக்கத் தலைப்பும் என் வகுப்புப் படமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

எழுத்துக் கூட்ட வந்துவிட்டால் மட்டும் போதாது. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், திணறி வாசிப்பவர்கள், ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். ஆட்டம் தெரிந்த திணறல்காரர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களை விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்பு நேரத்துக்காக அறிவியலையும் வரலாற்றையும் வெட்டுகிற பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். தெரிந்த விஷயம் குறையக் குறைய வாசிப்பும் குறையும்.

சுண்ணக்கட்டி

> அந்தப் பெண் கேள்வியைப் படித்தாளா என்று பார்த்தீர்களா?

படிக்கச் சொன்னேன் டீச்சர். தடங்கல் இல்லாமல் படித்தாள். 'மூலைவிட்டம் என்றால் எது, காட்டு' என்றதும் பென்சிலால் சரியாக ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு இழுத்தாள். கோட்டை இழுத்த அடுத்த நொடி 'ஓ, முக்கோணம்!' என்றாள். அவளுக்குத் தேற்றம் தெரிந்திருக்கிறது. இங்கே அதைக் கூப்பிட வேண்டும் என்பது தெரியவில்லை.

ஆனால் நீங்கள் சொல்கிற பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கலப்புத் தாள் உதவவில்லை என்பதும் உண்மை.

நிரல்மொழி

கணினி ஆசிரியன். 'அப்போதைக்கு நன்றாகத் தெரிவது' பற்றிப் பேசும்போது ஏஐ பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணக்கில் ஒரு சோதனை நடந்தது. பஸ்தானி குழுவினர், 2025இல் வெளியானது. ஒரு பிரிவுக்குப் பயிற்சி நேரத்தில் வழக்கமான சாட் வடிவில் ஜிபிடி-4. இன்னொரு பிரிவுக்கு அதே ஜிபிடி, ஆனால் விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு கட்டுப்படுத்தியது. மூன்றாவது பிரிவுக்கு வழக்கம்போல் புத்தகமும் நோட்டும். பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 விழுக்காடு மேலே, இரண்டாவது பிரிவு 127 விழுக்காடு மேலே. அப்புறம் கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, ஏஐயைத் தொடாதவர்களை விட 17 விழுக்காடு கீழே போனது. கட்டுப்படுத்திய பிரிவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, ஆனால் தொடாதவர்களை விட மேலேயும் போகவில்லை. முதல் பிரிவு மாணவர்களுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றோம் என்ற உணர்வே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிரலில் பிழை வந்தால் பிழைச் செய்தியைப் படிப்பதே இல்லை. அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார்கள், வருகிற விடையை நகலெடுத்துத் திரும்ப ஒட்டுகிறார்கள், ஓடுகிறது. 'எந்த வரியில் என்ன தப்பு?' என்றால் சிரிப்பு. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிழைச் செய்தியை முதலில் நோட்டில் கையால் எழுது, எந்த வரி என்று வட்டமிடு, அப்புறம் கேள். பாதிப் பேர் வட்டமிடும்போதே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பின்வரிசை

அப்படியானால் போனையும் சேர்த்துத் தடை செய்துவிட்டால் தீர்ந்ததா?

நிரல்மொழி

தீராது. இங்கிலாந்தில் 91 பள்ளிகளின் தகவலை வைத்துச் செய்த ஆய்வில், தடைக்குப் பிறகு பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் கூடியது, முன்னணி மாணவர்களுக்கு வித்தியாசம் இல்லை. அதே கேள்வியை ஸ்வீடனில் கேட்டபோது ஒரு தாக்கமும் தெரியவில்லை. வகுப்பில் போன் வேண்டாம் என்பதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை, அது வேறு விஷயம். அதிலிருந்து கணக்கு மதிப்பெண் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நீள்தாழ்வாரம்

தலைமை ஆசிரியை. இரண்டாம் பெல் சொன்ன படிவம் என் மேசையிலிருந்து போகிற படிவம்தான், அதனால் பேச வேண்டியிருக்கிறது.

மேலிருந்து கேட்கிறார்கள், நான் கீழே கேட்கிறேன். இந்தச் சங்கிலியில் எங்கோ ஒருவர் கேட்காமல் இருந்தால்தான் அறுபடும். நான் செய்தது சின்ன விஷயம்: வாரத் தொடக்கத்தில் நடக்கும் ஐந்து கேள்விச் சோதனைக்குப் பதிவேடு கிடையாது. பிள்ளைகளே திருத்துகிறார்கள், தாள் பிள்ளையின் பையிலேயே போய்விடும். பள்ளி ஆய்வாளர் வந்து கேட்டால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அந்தத் தைரியம் எல்லாப் பள்ளியிலும் சாத்தியமா என்றால், இல்லை. என் பணிமூப்பு ஒரு பாதுகாப்பு.

அதைவிடப் பெரிய தலைவலி ஆள். யுனெஸ்கோ கணக்குப்படி 2030க்குள் உலகம் முழுக்க 4.4 கோடி ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை. என் பள்ளியில் ஒரு கணக்கு ஆசிரியர் போனால் அந்த வகுப்பை யார் யாரோ பார்க்கிறார்கள். நீங்கள் கலந்து கொடுத்த தாளை, கணக்கு படிக்காத ஒருவர் வகுப்பில் எப்படி நடத்துவார்? புத்தக வரிசையில் போவது அவருக்கு ஒரே பிடிமானம். வகுப்பு அளவைக் குறைக்கலாம் என்றால் அதுவும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய சோதனையில் 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகள் நன்றாகச் செய்தன. 1996இல் கலிபோர்னியா மாநிலம் முழுக்க ஒரே வீச்சில் வகுப்புகளைச் சிறிதாக்கப்போய், போதிய தகுதி பெறாதவர்களை ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களாக எடுக்க வேண்டி வந்தது.

இரண்டாம் பெல்

மேடம், பதிவேடு இல்லாத சோதனை என்று ஒரு தலைமை ஆசிரியை சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். மகிழ்ச்சி.

சுண்ணக்கட்டி, ஒரு குறிப்பான கேள்வி. உங்கள் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவவில்லை என்றீர்கள். என் வகுப்பில் அவர்கள்தான் பெரும்பான்மை. முதல் கணக்கிலேயே பேனாவை வைத்துவிடுவார்கள். அப்போது என்ன செய்வது?

சுண்ணக்கட்டி

அவர்களுக்கு முதல் நாளே கலந்து கொடுக்கக் கூடாது சார். கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களில் தொடங்கிச் சொல்லிவருவது இது. புதிதாகக் கற்பவர் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு. வழியும் தெரியாமல், தேடவும் சொன்னால், தேடுவதிலேயே எல்லாம் செலவாகிவிடும். அதனால் முதலில் முழுதாகப் போட்டுக் காட்டிய கணக்கு. அடுத்தது கடைசி ஒரு வரி மட்டும் விட்ட கணக்கு. அடுத்தது இரண்டு வரி விட்டது. இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து, தனியாகப் போட வந்த பிறகுதான் கலப்புத் தாள். ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு முழுதாகப் போட்டுக் காட்டுவது சலிப்பு, சில சமயம் தீங்கு கூட. அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே தாள் என்பது சரிப்படாது.

எதுவும் செலவாகாத இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ 1970களில் ஒலிநாடாவில் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி வகுப்பில் எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். கை தூக்குகிற நான்கு பேர் துடிப்பார்கள். அவர்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பேன்.

இரண்டாம் பெல்

சரி, இறங்கிப் பார்க்கிறேன். எனக்கு எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்றுக்குப் புத்தக வரிசை, ஒன்றுக்கு உங்கள் தாள். ஒரு மாதம் கழித்துத் தேர்வு. ஆனால் உங்களுக்குச் சாதகமாக வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

மணற்கடிகாரம்

வரவேற்கிறேன். மூன்று விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரிவுக்கும் கணக்குகள் ஒன்றாகவே இருக்கட்டும், வரிசை மட்டும் மாறட்டும். தேர்வு நாளைச் சொல்லாதீர்கள், சொன்னால் முந்தின ராத்திரி எல்லோரும் சமமாகிவிடுவார்கள். விடைத்தாளை எந்தப் பிரிவு என்று தெரியாத ஒருவர் திருத்தட்டும். ஒரு பள்ளியில் இரண்டு பிரிவை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது, அதுவும் உங்களுக்குத் தெரியும். மேடம் சொன்னதுபோல் நேரத்தையும் குறித்து வையுங்கள், கலப்புத் தாளுக்கு எவ்வளவு கூடுதலாகப் பிடித்தது என்று.

நீள்தாழ்வாரம்

நேரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை, சுண்ணக்கட்டி சொன்னார். ஆனால் குறித்து வையுங்கள், எனக்கும் வேண்டும்.

அகரம் டீச்சர்

கேள்வித்தாளை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். கணக்குக்காரர்கள் எழுதுகிற வாக்கியத்தைப் பிள்ளை படிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும்.

சுண்ணக்கட்டி

இதோ, இப்போது கையில் இருக்கும் ஒன்று: 'செவ்வக வடிவப் பூங்கா ஒன்றின் அடுத்தடுத்த பக்கங்களின் அளவுகள் முறையே 24 மீ மற்றும் 7 மீ எனில், அதன் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் நேர்ப்பாதையின் நீளத்தினைக் காண்க.'

அகரம் டீச்சர்

பார்த்தீர்களா!

'ஒரு பூங்கா செவ்வக வடிவில் இருக்கிறது. நீளம் 24 மீ. அகலம் 7 மீ. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராக ஒரு பாதை போகிறது. பாதையின் நீளம் என்ன?'

படம் போடாதீர்கள். பிள்ளையே வரையட்டும், அதற்கு இடம் விடுங்கள்.

இரண்டாம் பெல்

இரண்டு பிரிவுக்கும் டீச்சர் எழுதியதையே கொடுக்கிறேன். மீதிக் கேள்விகளையும் அனுப்புங்கள்.